வேலிக்கருவையும் பெப்சி பாசியும்: ராமநாதபுரம் கடலோரத்து உயிர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் கடலோரக் கிராமம் எனக்கு. லீவுக்கு வரும் சொந்தக்காரர்கள், புராஜெக்ட் எழுத வரும் கல்லூரிப் பிள்ளைகள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்று யார் பேச்சுக் கொடுத்தாலும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் பாதி சொல்வதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் கண்மாயும் பனையும் கருவையும். இதைத் தாண்டி நான் எதுவும் பேசவில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த செடி, மீன் எல்லாமே கெடுதல்தானா?

அப்படிப் பார்த்தால் முதலில் குழம்பில் இருந்து மிளகாயை எடுக்க வேண்டும். அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். அதையே நம் மண்ணில் பழக்கி, குண்டு மிளகாயாக்கி, 2023இல் ‘ராமநாதபுரம் முண்டு மிளகாய்’ என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டோம். மிளகாய் கொல்லையைத் தாண்டிப் போகாது. நாற்றுவிட்டு, களை எடுத்துப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அடுத்த வருஷம் இருக்கவும் இருக்காது.

யாரும் விதைக்காமல் தானாகப் பரவி, ஏற்கெனவே இருந்ததை நெருக்கித் தள்ளுவதைத்தான் ஆக்கிரமிப்பு இனம் என்கிறோம். ‘வந்தேறி’ என்று எழுதுபவர்களும் உண்டு. நான் எழுதுவதில்லை. அந்தச் சொல்லை மனிதர்கள் மேல் எறிந்து எறிந்து அழுக்காக்கிவிட்டோம்.

வேலிக்கருவை இந்த ஊர் மரமே இல்லையா? எனக்கு நினைவு தெரிந்த நாளாய் இருக்கிறதே!

உங்களுக்கு நினைவு தெரிந்த நாளாய் இருக்கும். என் அப்பத்தாவுக்கு அப்படி இல்லை. “நான் வாக்கப்பட்டு வந்தப்ப கொல்லைக்கு வேலியா நட்டாக. அப்புறம் வேலி எது, கொல்லை எதுன்னு தெரியாமப் போச்சு” என்பார். வேலிக்கருவை என்ற பேரிலேயே அது வந்த காரணம் இருக்கிறது. சீமைக்கருவேலம் என்ற பேரில் வந்த இடம் இருக்கிறது.

மத்திய, தென் அமெரிக்க வறண்ட நிலத்து மரம் அது. 1870களிலேயே விறகுக்காகச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். காமராசர் காலத்தில் விமானத்தில் விதை தூவியதாக ஒரு கதை டீக்கடைதோறும் ஓடும். விமானம் வந்ததோ இல்லையோ, இங்கே பரப்பியது ஆடுதான். கருவை நெத்து இனிக்கும். வறட்சிக் காலத்தில் வெள்ளாட்டுக்கு அது அல்வா. சதையைச் செரித்துவிட்டு, ஓடு கெட்டியான விதையை முழுசாகப் புழுக்கையில் போட்டுவிடும். ஆட்டுக் கிடை போட்ட இடத்தில் முதல் மழைக்குப் பிறகு போய்க் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு புழுக்கையையும் பிளந்துகொண்டு இரண்டு பச்சை இலை எட்டிப் பார்க்கும். அந்த வாரத்தில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். அடுத்த வருஷம் மண்வெட்டி வேண்டும். மூன்றாம் வருஷம் ஜேசிபிதான்.

உடை, நாட்டுக்கருவேலம், வேலிக்கருவை: மூன்றையும் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

இது தெரியாமல்தான் கருவை ஒழிப்பு என்ற பேரில் உடைமரத்தையும் சேர்த்து வெட்டிச் சாய்க்கிறார்கள். உடை தென் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்குமே உரிய மரம். தலை தட்டையாக, விரித்த குடை மாதிரி நிற்கும். நெத்து சுருண்டிருக்கும். பூ வெளுத்த சிறு உருண்டை. நாட்டுக்கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டைப் பூ. நெத்து மணி கோத்த மாலை மாதிரி இடைக்கிடை சுருங்கியிருக்கும். கண்மாய்க்குள் தண்ணீரில் நின்றாலும் சாகாது. வேலிக்கருவையின் பூ உருண்டை அல்ல, விரல் நீளத்துக்குத் தொங்கும் வெளிர் மஞ்சள் கதிர். நெத்து நீளமாக, பழுத்தால் மஞ்சளாக இருக்கும், கடித்தால் இனிக்கும். பூ, நெத்து எதுவும் இல்லாத நாளில் மரம் நிற்கும் விதத்தைப் பாருங்கள். வேலிக்கருவை பெரும்பாலும் ஒற்றை மரமாக நிற்காது, அடியிலிருந்தே பல கிளையாகப் பிரிந்து புதராகத்தான் கிடக்கும்.

அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறதாமே?

வாட்ஸ்அப் சொல்கிறது. செடி நீரைக் குடிப்பது வேரால். இலை வழியாக ஆவியை வெளியேதான் விடும். மழை பொய்த்ததால் கருவை தழைத்தது. நாம் அதைத் திருப்பிப் போட்டுச் சொல்கிறோம்.

உண்மையான குற்றச்சாட்டே அதற்குப் போதும். வேர் ஆழமாக இறங்குவதால் மற்ற செடி வாடும்போதும் அது வாடாது. அடியில் புல் முளைக்க விடாது. கண்மாய்க்கும் வரத்துக்காலுக்கும் குறுக்கே அடைத்துக்கொண்டு தண்ணீர் வரும் வழியை மறிக்கும். எங்கள் ஊர் வரத்துக்காலில் ஒரு தடவை கருவையை எடுத்தபோது, உள்ளே பழைய கல்மதகு இருந்தது தெரிந்தது. நாற்பது வயதுக்காரர்கள் பலர் அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அப்படியானால் மொத்தமாக வெட்டித் தள்ள வேண்டியதுதானே?

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. பிறகு, ஒரேயடியாக அகற்றினால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்து அதே வருஷத்தில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு, ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். கரிமூட்டம் போடுபவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் மானாவாரி விவசாயம் கைவிட்ட குடும்பங்கள் பலவற்றைக் கருவைதான் சோறு போட்டுக் காப்பாற்றியது. விறகை நெருக்கி அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்து, பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டை விடுவார்கள். முதலில் புகை வெள்ளையாகத் தடித்து வரும். அது மெலிந்து நீலம் பாய்ந்தால் உள்ளே கரி ஆகிவிட்டது என்று கணக்கு. ராத்திரி முழுக்க ஒருவர் கண் விழிக்க வேண்டும். மண் ஓரிடத்தில் உள்வாங்கி ஓட்டை விழுந்தால், காற்று புகுந்து அத்தனையும் சாம்பல். அந்தக் கரி போகும் தூரம் நமக்குத் தெரியாது. அடுக்கியவர் நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு மட்டும் தெரியும்.

ஆக, என் கருத்து இதுதான்: கண்மாய், வரத்துக்கால், தீவு, பறவைகள் தங்கும் இடம் ஆகியவற்றில் முதலில் எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் அதே மழைக்கு வேறு மரம் வைக்க வேண்டும். வெறுமனே தரையோடு வெட்டிவிட்டுப் போனால் ஒரு கிளைக்குப் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். அடிக்கட்டையை வேர் முடிச்சோடு தோண்டி எடுக்காத எந்த ஒழிப்பும் கத்தரித்துவிட்ட கணக்குத்தான்.

காட்டுப்பன்றியும் மயிலும் இவ்வளவு எப்படிப் பெருகின?

இரண்டும் நம் நாட்டு உயிர்தான். எண்ணிக்கைதான் மாறிப்போனது. ஒதுங்கப் புதர் வேண்டும். அதைக் கருவை கொடுத்துவிட்டது. மேய நிலக்கடலையும் நெல்லும் இருக்கிறது. மயிலை அடிக்கச் சட்டம் விடாது, முருகனும் விடமாட்டார். கண்மாய் உள்வாயைக் கருவைக்குக் கொடுத்த நாளில் பன்றிக்கும் சேர்த்துத்தான் பட்டா போட்டுக் கொடுத்தோம்.

கண்மாய்ப் பறவைகள் இப்போதும் வருகின்றனவா?

தண்ணீர் இருந்தால் வருகின்றன. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர், தேர்த்தங்கால், சக்கரக்கோட்டை ஆகிய ஐந்தும் இந்த மாவட்டத்துச் சரணாலயங்கள். ஐந்துமே பாசனக் கண்மாய்கள் என்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்காலும் 2025இலும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்ட விரும்புவது கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேலத்தில். அது இல்லாத இடத்தில் வேலிக்கருவையிலும் கட்டுகின்றன. இங்கேதான் கணக்கு இடிக்கும். நாட்டுக்கருவேலம் வளர்ந்து ஆளாவதற்கு முன்னால் வேலிக்கருவையை வெட்டினால், அந்த இடைப்பட்ட வருஷங்களில் பறவை எங்கே உட்காரும்? படிப்படியாக எடுக்கச் சொல்வது சோம்பேறித்தனத்தால் அல்ல.

பூநாரைக்குக் கண்மாய் தேவையில்லை. தனுஷ்கோடிப் பக்கத்துச் சேற்றுப் பரப்புக்குக் குளிர்காலத்தில் வந்துவிடும். 2025 ஜூனில் அங்கே பூநாரைக்கென்று சரணாலயம் அறிவித்தார்கள். படம் எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து கூட்டத்தை எழுப்பிவிட்டுப் பறக்கிற படம் எடுக்காதீர்கள். தின்று சேர்த்த கொழுப்பில்தான் அது திரும்பிப் போகிற வழிச்செலவு இருக்கிறது.

ஜிலேபி மீன் நம்ம ஊர் மீன்தானே?

ஆப்பிரிக்க மீன். 1950களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. வந்த புதிதில் அதை வளர்த்து ஆராய்ந்த இடங்களில் ஒன்று நம் மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம். 1947இல் தொடங்கிய நிலையம் அது. ஏழைக்கு மலிவான மீன் கிடைக்கட்டும் என்ற எண்ணம்தான். அதில் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் அது பிள்ளை வளர்க்கும் விதத்தைப் பார்த்தால் மற்ற மீன் ஏன் தோற்றது என்று புரியும். தாய் மீன் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். குஞ்சு நீந்தப் பழகிய பிறகும் நிழல் ஆடினால் எல்லாம் மறுபடி தாயின் வாய்க்குள் பாய்ந்துவிடும். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் இரண்டிலும் பிழைக்கும். கோடையில் குட்டை சூடேறிக் கலங்கினாலும் தாங்கும். நாட்டுக் கெண்டைக்கு இந்தச் சௌகரியம் எல்லாம் கிடையாது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு கதை. அதை வளர்க்க 2000ஆம் ஆண்டிலிருந்தே தடை. ஆனாலும் ‘தேளி’ என்று நாட்டு மீன் பேரைச் சொல்லி விற்கிறார்கள்.

பெப்சி பாசி என்றால் என்ன? உண்மையிலேயே அந்தக் கம்பெனிதானா?

கப்பாபைகஸ் என்பது அதன் பேர். தென்கிழக்கு ஆசியக் கடலில் இருந்து வந்த சிவப்புப் பாசி. 1980களில் குஜராத்தைத் தலைமையிடமாகக் கொண்ட உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்து சோதித்தது. பிறகு மண்டபம் கடலில் வளர்த்துப் பார்த்தார்கள். 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்ப்பில் இறங்கியது. கடற்கரைப் பெண்கள் வாயில் கப்பாபைகஸ் நுழையவில்லை, பெப்சி நுழைந்தது. நிறுவனம் விலகிப் போன பிறகும் பேர் மட்டும் நின்றுவிட்டது. ஐஸ்கிரீம், பற்பசை முதலானவற்றைக் கெட்டியாக்கும் கராஜீனன் என்ற பொருளை இதிலிருந்து எடுக்கிறார்கள்.

வளர்ப்பு எளிது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம். கயிற்றில் துண்டு துண்டாகப் பாசியைக் கட்டி, அடியில் மீன் கொறிக்காமல் வலை போட்டு, கரையோரக் கடலில் விட வேண்டும். ஒரு தெப்பத்துக்கு 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் ஏறத்தாழ நான்கு மடங்கு. சுயஉதவிக் குழுப் பெண்கள் கையில் முதன்முதலாக அவர்கள் பேரிலேயே பணம் வந்தது. இதை யாரும் லேசாகப் பேசக் கூடாது.

சிக்கல் அந்தத் ‘துண்டு துண்டாக’ என்பதில் இருக்கிறது. இந்தப் பாசிக்கு விதை தேவையில்லை. அலையில் ஒடிந்த விரல் நீளத் துண்டு போதும். 2008இல் குருசடைத் தீவுக்கு அருகே உயிருள்ள பவளத்தின் மேல் அது பாய் விரித்ததுபோல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வெயில் படாத பவளம் மெல்லச் செத்துப்போகும். அந்தத் தீவுகளைச் சேர்த்த கடல்சார் தேசியப் பூங்காவின் ஊழியர்கள் கையால் பிய்த்து அகற்றினார்கள். கிளையின் இடுக்கில் ஒரு துண்டு மாட்டியிருந்தால் மறுபடி முதலில் இருந்து. இப்படி ஆகக் கூடாது என்றுதான் 2005இலேயே ஓர் அரசாணை, தீவுகள் இருக்கும் பகுதியை விட்டு விலகி, பாக் விரிகுடாவின் வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் வளர்க்கச் சொன்னது. அலைக்கு அரசாணை படிக்கத் தெரியாது.

2013 வாக்கில் கடல் சூடேறித் தெப்பம் தெப்பமாகப் பாசி வெளுத்து அழுகியதும் நடந்தது. அந்த வருஷம் கடன் வாங்கித் தெப்பம் கட்டியவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்போது வலமாவூரில் கடற்பாசிப் பூங்கா அமைக்கிறார்கள். 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். இங்கேயே இயற்கையாய் விளையும் பாசிகளுக்கு அங்கே எவ்வளவு இடம் கொடுப்பார்கள் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

இயற்கையாய் விளையும் பாசியும் உண்டா?

நிறைய உண்டு. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று பேர் வைத்ததெல்லாம் எடுக்கப் போகும் பெண்கள்தான். பக்கோடா பாசியைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் அந்தப் பேர் என்று கேட்கவே மாட்டீர்கள். சின்னப்பாலம் போன்ற ஊர்களிலிருந்து விடியலில் வள்ளத்தில் போய், சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு முங்குவார்கள். பாறை விரலைச் சீவிவிடும் என்பதற்குத்தான் துணி. மரிக்கொழுந்தை வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுக்க வேண்டும், இன்னின்ன நாளில் போகக் கூடாது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருதைப் பெற்றது இந்த வேலைக்கும் இந்தக் கட்டுப்பாட்டுக்கும்தான்.

1986இல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்ததிலிருந்து தீவை ஒட்டிப் பாசி எடுப்பது குற்றம். தலைமுறையாக எடுத்தவருக்கு உள்ளே போகத் தடை, அதே கடலில் வெளிநாட்டுப் பாசி வளர்க்கக் கடன். இந்த முரணை எந்த அதிகாரியாவது அந்தப் பெண்களுக்கு நேராக நின்று விளக்கினால் நானும் கேட்டுக்கொள்வேன்.

பவளப்பாறை எல்லாம் செத்துவிட்டதா?

இல்லை. ஆனால் அடி மேல் அடி. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கல்லில் நட்சத்திர நட்சத்திரமாகப் பொடி ஓட்டை தெரியும். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு பவள உயிர் இருந்த அறை. முருகைக்கல் என்று அதைத்தான் வீடு கட்டவும், சுண்ணாம்புக் காளவாசலுக்கும், பிறகு தொழிற்சாலைகளுக்கும் படகு படகாய் வெட்டி எடுத்தார்கள். 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகுதான் வெட்டுவது அறவே நின்றது. தீவு எதற்கு என்று அலையே காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்குள் 21 தீவில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும், தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன.

இப்போதைய எதிரி வெப்பம். ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை கடல் அளவுக்கு மேல் சூடேறினால், பவளம் தன் உடம்புக்குள் இருக்கும் நுண்பாசியை வெளியே துப்பிவிடும். நிறமும் சோறும் அந்தப் பாசிதான். அது போனால் பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். சில வாரத்தில் நீர் ஆறினால் பிழைக்கும், இல்லையென்றால் இல்லை. 1998, 2010, 2016, 2024 எல்லாம் அப்படிப்பட்ட கோடைகள். வெளுத்து நலிந்த இடத்தில்தான் மற்ற பாசியும், பாக் விரிகுடாவில் டெர்பியாஸ் என்ற கறுத்த கடற்பஞ்சும் ஏறிப் படர்கின்றன.

2019இல் கடல் பச்சையாக மாறி மீன் செத்து ஒதுங்கியதே, அது என்ன?

பூங்கோரை. நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் ஒரேயடியாய்ப் பெருகுவது. அது விஷம் கக்குவதைவிட, பெருகிச் சாகும்போது நீரில் இருக்கும் பிராணவாயுவைத் தீர்த்துவிடுவதுதான் மீனைக் கொல்கிறது. 2008இலும் வந்தது. ராத்திரியில் அதே நீர் கலங்கினால் நீலமாக மின்னும். கரையில் செத்த மீன் நாற்றத்துக்கு நடுவே பிள்ளைகள் அந்த வெளிச்சத்தைக் காலால் எற்றி விளையாடியதைப் பார்த்தேன். திட்டத் தோன்றவில்லை.

யூடியூபில் சிங்க மீன் பவளத்தை அழிக்கிற ஆக்கிரமிப்பு மீன் என்கிறார்கள். இங்கே பார்த்தால் கொல்ல வேண்டுமா?

வேண்டாம். அது அட்லாண்டிக் கரையின் கதை. நம் கடல்தான் அதன் தாய்வீடு. இங்கே அதைத் தின்னவும் கட்டுப்படுத்தவும் ஆள் உண்டு. முள்ளில் விஷம் இருக்கிறது, தொடாதீர்கள், அவ்வளவுதான். இதே போல நாம் குழம்பு வைத்துச் சாப்பிடும் ஓரா மீனின் பங்காளிகள் சூயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலுக்குள் போய் அங்கே கடற்பாசியை மொட்டையடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு மீன் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது ஆக்கிரமிப்பா இல்லையா என்பது.

பேச்சாளை (மத்தி மீன்) முன்பு இந்தப் பக்கம் கிடையாது என்பது உண்மையா?

உண்மை. 1980களுக்கு முன் அது பெரும்பாலும் மலையாளக் கரையின் மீன். பிறகுதான் தமிழ்நாட்டுக் கடலில் குவியத் தொடங்கியது. கடல் வெப்பம் கூடியதை ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். இதை யாரும் தெப்பத்தில் கட்டிக் கொண்டுவரவில்லை. தானாக வந்த விருந்தாளி. தொடக்கத்தில் “இதெல்லாம் ஒரு மீனா” என்று முகம் சுளித்த எங்கள் ஊரில், இன்றைக்கு லாரி அதற்காகக் காத்து நிற்கிறது.

வனாமி இறால் கடலுக்குள் தப்பிவிட்டால்?

பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையோர இறால் அது. 2009இல் வளர்க்க அனுமதி கிடைத்தது. 1990களில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து நம் வரி இறால் பண்ணைகள் காலியானதன் தொடர்ச்சி அது. பண்ணைக் கரை உடைந்து தப்புவது மழைக்காலத்தில் நடக்கத்தான் செய்யும். என் கவலை இறாலைவிடப் பண்ணை வெளியேற்றும் நீர் மேல்தான். தேவிபட்டினம், திருப்பாலைக்குடிப் பக்கம் உவர்நீர் ஏறிய கிணற்றைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வந்தவற்றைப் பற்றியே பேசுகிறீர்களே, போனவை எவை?

ஆவுளியா. கடல் பசு என்றால் வெளியூருக்குப் புரியும். கடற்புல் மேய்ந்து வாழும் அந்த உயிரைப் பற்றி என் தாத்தா காலத்தில் கறியாகப் பேசினார்கள். அப்பா காலத்தில் வலையில் மாட்டிய செய்தியாகப் பேசினார்கள். என் வயதுக்காரர்கள் பலர் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். 2022இல் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை தெரியாது, அதனால் தொண்டிக் கடலுக்கும் நல்லதுதான்.

கடல் அட்டை அடுத்தது. 2001இலிருந்து பிடிக்கத் தடை. இலங்கையில் தடை இல்லாததால் கடத்தல் நிற்கவில்லை. பேப்பரைப் பிரித்தால் வாரம் ஒரு செய்தி. அட்டை கடலடி மண்ணை விழுங்கி, அதில் இருக்கும் கழிவைச் செரித்துச் சுத்தமாக்கிவிடும். மண்புழு இல்லாத வயலை நினைத்துக்கொள்ளுங்கள்.

கரையிலும் போனது உண்டு. ராவணன் மீசைப் புல்லும் அடும்புக் கொடியும் பிடித்து வைத்திருந்த மணல்மேட்டைத் தட்டிச் சமமாக்கிச் சவுக்கு நட்டார்கள். சவுக்கும் வெளியூர் மரம்தான். ஆனாலும் தானாகக் காடாகவில்லை, நட்ட வரிசையிலேயே நிற்கிறது. ஆனால் அதன் சருகு மெத்தையில் அடும்பு படராது, வேர் பின்னிய மணலில் ஆமை குழி தோண்டத் தடுமாறும். காற்றைத் தடுக்க மரம் வேண்டும் என்பது சரி. அதை அலை தொடும் இடம் வரைக்கும் கொண்டுபோய் நட்டதுதான் தப்பு.

அடுத்து வரப்போவது எது?

எண்ணூர், பழவேற்காட்டில் ‘காக்கா ஆழி’ என்ற தென் அமெரிக்கச் சிப்பி அடுக்கடுக்காய்ப் படிந்து, இறாலும் மட்டியும் இருந்த சேற்றை மூடிவிட்டது. கப்பல் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீரில் வந்திருக்கும் என்கிறார்கள். பெரிய கப்பல் பாம்பன் கால்வாயில் வராது, இலங்கையைச் சுற்றித்தான் போகும். அதனால் நமக்கு வராது என்று நிம்மதியாக இருக்க முடியாது. தூத்துக்குடித் துறைமுகம் தள்ளி இல்லை. விசைப்படகின் அடியில் ஒட்டிக்கொண்டும் வரலாம்.

என்னால் என்ன செய்ய முடியும்?

தொட்டி மீன் பெரிதாகிவிட்டால் கண்மாயில் விட்டுப் ‘புண்ணியம்’ தேடாதீர்கள். படகைக் கரையேற்றிச் சுரண்டும்போது, முன்பு பார்க்காத சிப்பி ஒட்டியிருந்தால் படம் எடுத்து, நாலைந்து சிப்பியையும் சேர்த்து மண்டபம் ஆராய்ச்சி நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். சுரண்டியதைக் கடலில் தள்ளாமல் கரையில் காய விடுங்கள். சொந்த நிலத்தில் கிடை போட விட்டவர்கள், மழை விழுந்த இரண்டாம் வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய், முளைத்த கருவை நாற்றைப் பிடுங்கிவிட்டு வாருங்கள். நான் பிள்ளைகளுக்கு நூறு நாற்றுக்கு ஒரு ஐஸ் என்று பேசி வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் கடன் சொல்ல வேண்டியதாகிவிட்டது.